சாட்சி சொன்ன வீடு

நடந்தது இந்த வரிசையில் நடந்தது.

1. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்தன. நாக்கு விழவில்லை.

2. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், ஈஸ்டர் முடிந்ததும் வந்து மூன்று மாதம் அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

3. அதுவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து பெண்கள் வந்தார்கள். நான்கு பேர். நான்கு பேரையும் அம்மா விரட்டினாள். இனி அந்த வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாது என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

4. செவ்வாயும் வியாழனும் நான் அலுவலகம் போனேன். அந்த இரண்டு நாளும் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து முறை வைத்து வந்து, அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்து, நான் திரும்பும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன்.

5. இனி வாரத்தில் ஐந்து நாளும் பெருங்குடிக்கு வர வேண்டும் என்று அலுவலகத்தில் அறிவித்தார்கள்.

6. மீதி நாட்களுக்கும் ஆள் கேட்பதற்காக ஞாயிறு ஆராதனையில் எழுந்து மைக் முன்னால் நின்றேன்.

7. அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எந்தப் படியில் தவறியது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என்ன தவறியது என்பது எனக்கு அந்த வாரமே தெரிந்துவிட்டது. சரிசெய்யும் வழிதான் தெரியவில்லை.

அம்மா திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்தவள். இத்தனை வருஷத்தில் அந்த ஊர்ப் பேச்சும் மாறவில்லை, அந்தக் குணமும் மாறவில்லை. அப்பா இறந்த பிறகு அவளுக்குச் சபைதான் எல்லாம். பெண்கள் ஐக்கியத்துக்கு நீண்ட காலம் தலைவியாக இருந்தாள். அவள் ஜெபித்தால் காய்ச்சல் இறங்கும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சபையில் அவளுக்கு ஜெபவீராங்கனை என்று பெயர். வீட்டுக்கு வந்தால் முதலில் வாசலில் செருப்பு எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். இரண்டும் சரியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஏஜென்சிப் பெண்கள் போன விதத்தைச் சொன்னால் அவளைப் புரிந்துவிடும். முதலில் வந்தவளிடம், கஞ்சிக் கிண்ணத்தை வாங்குவதற்கு முன் அவள் எந்த ஆட்கள் என்று விசாரித்தாள். அந்தப் பெண் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாமவள் கழுத்தில் அம்மன் டாலர் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு என்னைத் தொடு என்றாள் அம்மா. மூன்றாமவள் மேல் எவர்சில்வர் டம்ளர் பறந்தது. வலது கை நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. நான்காமவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். இவளாவது நிற்பாள் என்று நினைத்தேன். அம்மா அவளைக் கட்டில் முன்னால் நிற்க வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல வசனம் ஒப்பிக்கச் சொன்னாள். பாதியில் அவள் தடுமாறியதும், பொய்க் கிறிஸ்தவள் கையால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் கிளம்பும்போது படியில் நின்று, "நீங்க எப்படிக்கா இங்க தாக்குப்பிடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவள் நம்பியிருக்க மாட்டாள் என்று சொல்லவில்லை.

காலையில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, டயப்பர் மாற்றி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, நாற்காலிக்கு நகர்த்த வேண்டும். அந்த நேரம் முழுக்க அவள் பேசுவாள். என் கை தேங்காய் நார் மாதிரி இருக்கிறது என்பாள். இந்தக் கையை எவன் பிடிக்கப்போகிறான் என்பாள். மகன் தொட்டால் இப்படி எரியாது என்பாள். அண்ணன் அவளை ஒருநாளும் தொட்டுத் துடைத்ததில்லை. ஒருநாள், என்னைப் பெற்றதற்குப் பதிலாக ஒரு எருமையைக் கட்டியிருந்தால் பாலாவது கிடைத்திருக்கும் என்றாள். அப்போது அவள் தோள் என் இரண்டு கைக்குள் இருந்தது. விட்டிருந்தால் விழுந்திருப்பாள்.

அதனால் அறைக்குள் நுழைவதற்கு முன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பேன். பெரிய ஜெபம் இல்லை. பெலன் தாரும் என்று ஒரே வரி. தூக்குகிற பெலனைக் கேட்கவில்லை, அது கைவசம் இருந்தது. கையை ஓங்காமல் இருக்கிற பெலனைத்தான் கேட்டேன். அது வந்தது. நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை. ஜெபிக்காமலும் சில காலைகளில் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் துண்டு கொஞ்சம் அழுத்தமாகவே அவள் முதுகில் விழுந்தது. எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

எங்கள் சபை மந்தைவெளியில் கடைகளுக்கு மேல் இருக்கும் ஒரு நீளமான ஹால். ஞாயிற்றுக்கிழமை பாட்டுகள் முடிந்ததும் சாட்சி நேரம். விருப்பமுள்ளவர்கள் முன்னால் போய், கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை மைக்கில் சொல்லலாம். நன்மையை மட்டும். வேண்டுதல்களுக்கு வேறு இடம் உண்டு. வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. சீட்டு எழுதிப் போட்டால் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் வாசித்து ஜெபிப்பார்கள். நான் ஏற்கனவே பல வாரம் சீட்டு போட்டிருந்தேன். ஜெபித்தார்கள்.

ஆகவே மைக்கில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டியதை மூன்றாகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டேன்: நிலைமை, இதுவரை கிடைத்த உதவிக்கு நன்றி, இனி தேவைப்படுவது.

"ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். அம்மா படுக்கையில் இருக்கிறாள் என்றேன். ஸ்தோத்திரம் என்றார்கள். வேலைக்கு வந்த யாரும் நிற்கவில்லை என்றேன். ஸ்தோத்திரம். நான் ஒழுங்காகத் தூங்கி வெகு நாளாகிறது என்றேன். முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

"சில நாள் காலையில இனிமே முடியாதுன்னு தோணும். ஆனா ஜெபம் பண்ணினா எப்படியோ பெலன் வந்துடுது. அதனால..."

நான் கேட்க வந்தது அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருந்தது. பெலன் என்று கேட்டதும் கீபோர்டு வாசிப்பவர் மெதுவாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சாட்சி உச்சத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு எங்கள் சபையில் அதுதான் அடையாளம். பாதிப் பேர் எழுந்து கைகளை உயர்த்திவிட்டார்கள். பாஸ்டர் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா சபையாரே? நம்ம சகோதரி மனுஷங்க கையை நம்பி நிக்கல. மேல இருக்கிற கையை நம்பி நிக்கிறாங்க."

"பாஸ்டர், நான் இன்னும் முடிக்கல" என்றேன். மைக் அவர் கையில் இருந்ததால் அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

அவர் சிரித்தார். மைக்கிலேயே பதில் சொன்னார். "நீங்க முடிக்க வேண்டாம் சிஸ்டர். அவர் முடிப்பார்."

ஹால் முழுக்க அல்லேலூயா. நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து கீழே டீ கொடுக்கும் இடத்தில் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு சாட்சியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றார்கள். பெண்கள் ஐக்கியத்தின் இப்போதைய தலைவியை ஓரமாக அழைத்துப் போய், திங்கள், புதன், வெள்ளிக்கும் யாராவது வர முடியுமா என்று கேட்டேன். அவர் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இப்பதானேமா சாட்சி சொன்ன? டீ ஆறுறதுக்குள்ள அவிசுவாசமா?"

கேலிதான், ஆனால் சிரிக்கவில்லை. செவ்வாய், வியாழன் வருகிறவர்களைப் பற்றிக் கேட்டேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் புற்றுநோய் வந்திருக்கிறது, அங்கே இன்னும் பெலன் வரவில்லை, அந்த முறையை அங்கே மாற்றிவிட்டோம் என்றார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு பிஸ்கெட் தட்டை நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். எங்கள் ஆராதனை நேரலையில் வரும், அங்கிருந்து பார்த்திருக்கிறான். அழுதுவிட்டதாகச் சொன்னான். அண்ணியும் அழுதாளாம். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டான். ஈஸ்டருக்கு வருவதைப் பற்றி இருவரும் உட்கார்ந்து ஜெபித்தார்களாம்.

"பாப்பா, இது உனக்குக் கொடுத்த அழைப்பு. எனக்குக் கொடுக்கல. அவர் உனக்குக் கொடுத்ததுல நான் வந்து குறுக்க நிக்கக்கூடாதுன்னு எனக்கு ரொம்ப பாரமா இருக்கு."

டிக்கெட் போட்டாயிற்றா என்று கேட்டேன். போட்டிருந்ததை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னான். ஸ்பீக்கரில் போடு, அம்மாவோடு ஜெபிக்கிறேன் என்றான். ஸ்பீக்கரில் போட்டேன். நன்றாக ஜெபித்தான்.

போனை வைத்ததும் அம்மா சிரித்தாள். நான் ஆராதனைக்குப் போகிற இரண்டு மணி நேரம் மட்டும் தனியாக இருப்பாள்; அவளும் காலையில் கட்டிலில் படுத்துக்கொண்டே நேரலை பார்த்திருந்தாள்.

"ஏட்டி, நீ ஆள் கேக்கத்தான போன?"

ஆமாம் என்றேன்.

"அங்க போயி பெலன் வருதுன்னு எவளாவது சொல்லுவாளா? அந்தச் சொல்ல வாயில எடுத்தன்னா முடிஞ்சு போச்சு. இனி ஒருத்தியும் வரமாட்டா."

ஏன் என்று கேட்டேன். தலையணையை உயர்த்தச் சொன்னாள், உயர்த்தினேன். இன்னும் கொஞ்சம் என்றாள். பிறகு, யாரோ ஒரு சமையல் பக்குவம் கேட்டதைப் போலச் சொன்னாள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். அவள் தலைவியாக இருந்தபோது போக வேண்டிய வீடுகள் அதிகம், போகிற பெண்கள் குறைவு. யார் வீட்டை நிறுத்துவது என்று ஒவ்வொரு மாதமும் சண்டை. அப்போது அவள் ஒரு விதி வைத்தாள். சாட்சி சொன்னவர்கள் வீட்டுக்கு அடுத்த வாரத்திலிருந்து போக வேண்டியதில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்கிற வீட்டுக்கு நாம் எதற்கு?

"சொல்லாதவங்க?"

"சொல்ல வைப்போம். சிஸ்டர், இந்த வாரம் ஒரு சாட்சி சொல்லுங்க, சபைக்கு ஆசீர்வாதமா இருக்கும்னு போயி நிப்பேன். மாட்டேன்னு எவளும் சொல்ல மாட்டா. சொன்னா கர்த்தருக்கு நன்றி கெட்டவன்னு ஆயிரும்லா."

ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். புருஷன் விபத்தில் போய், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நின்றவள். சபையிலிருந்து கிழமைக்கு ஒரு வீடாகச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. அவளைச் சீக்கிரமே மேடை ஏற்றியது அம்மா. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றபோது, "சொல்லு, பெலன் தந்தார்னு சொல்லு" என்று பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்ததும் அம்மாதான்.

அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். இன்னும் சபைக்கு வருகிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்.

இதைச் சொல்லிவிட்டு அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள முயன்றாள். முடியவில்லை. அப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போயிருவியோ?"

அவள் என்னிடம் எதையாவது பயந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி இருந்தது. அதைச் சொன்னேன். அடுத்த வாரம் போக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அந்தச் செவ்வாய் யாரும் வரவில்லை. வியாழனும் வரவில்லை. பாஸ்டரின் மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். பூப்படத்தின் மேல் எழுதிய வசனம் ஒன்று வந்தது. வேறொரு ஏஜென்சியைக் கூப்பிட்டேன். முகவரியைக் கேட்டதும் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை அம்மாவை முதல் தடவையாக நாள் முழுக்கத் தனியாக விட்டுவிட்டுப் போனேன். கையெட்டும் தூரத்தில் தண்ணீர், பிஸ்கெட், இரண்டு வாழைப்பழம், போன், டிவி ரிமோட். கட்டிலின் திறந்த பக்கத்தில் நாற்காலிகளை அணைத்து வைத்தேன். வெளியே பூட்டினேன். எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்காவிடம் என் நம்பரைக் கொடுத்து, ஏதாவது சத்தம் கேட்டால் கூப்பிடச் சொன்னேன். அம்மா வழக்கம்போலத் திட்டவில்லை. போய்ட்டு வா என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மதியம் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது போன் வந்தது.

"இன்னாம்மா, உங்க அம்மா ஒரேடியா கத்திகினு கீறாங்க. கதவு பூட்டிகினு கீது, நா இன்னா பண்ணட்டும்? நீ வரியா, பூட்ட ஒடைக்கவா?"

வருகிறேன், பூட்டை உடைக்க வேண்டாம் என்றேன். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதியாக்கி வைத்திருந்தார்கள். அடையாறு பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. பூட்டை உடைக்கவே சொல்லியிருக்கலாம் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. திரும்பக் கூப்பிட்டேன். இஸ்திரி அக்கா எடுக்கவில்லை. பிறகு தெரிந்தது, அவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். நாற்காலிகள் இருந்த பக்கம் அல்ல, நான் யோசிக்காத பக்கம். அந்தப் பக்கம் விழுந்த போனைத் தேடிச் சாய்ந்திருக்கிறாள். நைட்டி முழுக்க நனைந்திருந்தது. இடது முழங்கையில் தோல் காகிதம் போல உரிந்திருந்தது. தலையில் அடி இல்லை.

குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்தேன். தூக்க முடியவில்லை. மறுபடி முயன்றேன். பெலன் தாரும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"சத்தமா கேளு" என்றாள் அம்மா தரையிலிருந்து. "கேக்கல போல."

பெலன் வரவில்லை. இஸ்திரி அக்கா வந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டில் விரிப்பை உருவி அம்மாவுக்கு அடியில் நுழைத்தார். இரண்டு பேருமாக ஏற்றினோம். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "உங்க சர்ச்சு ஆளுங்க அத்தினி பேரு வந்துகினு இருந்தாங்களே, இன்னா ஆச்சு?"

நான் சாட்சி சொல்லிவிட்டேன் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. எல்லோருக்கும் வேலை என்றேன்.

அந்த வாரம் மறுபடி கெஞ்சி வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். இதுதான் கடைசி என்றார் மேலாளர். ராஜினாமா மெயிலை எழுதி வைத்தேன். என் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் எதுவுமே நடக்காது என்பதால் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அந்தக் கடைசி வரிசைப் பெண் வந்தார். கையில் ஒரு துணிப்பை, கண்ணாடி, வாசிப்பதற்கு ஒரு பத்திரிகை. நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக அம்மாவின் அறைக்குப் போனார்.

அம்மா அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "என்ன, வேடிக்கை பாக்க வந்தியா?"

"வேடிக்கை பாக்க எங்க வீட்லயே டிவி இருக்குக்கா" என்றார். நாற்காலியை இழுத்துக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி ஜெபித்தார். நடுவில் அம்மா தண்ணீர் கேட்டாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அம்மா சத்தமாகக் கேட்டாள். நான் எழுந்ததும், கண்ணை மூடியபடியே கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார். ஜெபம் முடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறகு எழுந்து தண்ணீர் கொடுத்தார். டம்ளரை அம்மா கையில் கொடுக்கவில்லை, தானே பிடித்துக்கொண்டார். டம்ளர் பறந்த கதை சபை முழுக்கத் தெரியும்.

சமையலறையில் என்னிடம் பேசினார். நான் மைக்கில் "அதனால" என்று நின்றதை அவர் நேரில் பார்த்திருந்தார். அந்த இடத்தில் தானும் நின்றிருப்பதால், அதற்கு அப்புறம் என்ன வந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் வராமல் இருந்து பார்த்ததாகவும் சொன்னார்.

"உங்க அம்மாவை எனக்குப் பிடிக்காது. இப்பவும் பிடிக்காது. அதை மாத்தச் சொல்லி நான் ஜெபம் பண்ணல. 'போ, போ'ன்னு ஒரே நச்சரிப்பு உள்ளுக்குள்ள. சரி, போறேன், போய் உக்கார்றதுக்குப் பெலன் கொடுன்னு மட்டும் கேட்டேன்."

இவ்வளவு கஷ்டப்பட்டு வர வேண்டாம் ஆன்ட்டி என்றேன். மரியாதைக்குச் சொன்னதுதான்.

"இஷ்டம் இருந்தா பெலன் எதுக்கும்மா? பஸ் ஏறி வந்துட்டுப் போயிருப்பேனே."

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். திங்கள் முதல் வியாழன் வரை வருவார். வெள்ளிக்கிழமை அவருக்கு உபவாசம், வர மாட்டார். அம்மாவுக்குச் சமைக்க மாட்டார், நான் சமைத்து வைத்ததைக் கொடுப்பார். டயப்பர் மாற்றுவார். அம்மா திட்டினால் திருப்பித் திட்டுவார், அதை நான் பிறகு விசாரிக்கக் கூடாது. இன்னொன்று.

"சபையில சொல்லக்கூடாது. சாட்சி கீட்சின்னு நீ எழுந்து நின்ன அடுத்த நாள் நான் வர மாட்டேன்."

சரி என்றேன்.

முதல் வாரம் அலுவலகத்தில் ஒவ்வொரு மணி நேரமும் போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் வந்தால் வீடு அமைதியாக இருக்கும். அம்மா சுத்தமாக, சாப்பிட்டு, பவுடர் போட்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அவர் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் போனதும் அம்மா புகார் சொல்வாள். எதையும் இரண்டு தடவை கேட்க வைக்கிறாளாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருகிறாளாம். 'ஏய்' என்றால் காது கேட்காதவளைப் போல உட்கார்ந்திருக்கிறாளாம். அவரை அனுப்பிவிடவா என்று கேட்டேன். அம்மா போர்வையை இழுத்துவிடச் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை நான் சீக்கிரம் வந்துவிட்டேன். கதவைத் திறக்கும்போது உள்ளே பேச்சு கேட்டது. அவர் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முதுகுக்குக் கீழே ஒரு புண் வந்திருந்தது.

"நான் சாட்சி சொன்ன வாரம், புதன்கிழமை உங்க வீட்டு முறை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை. "சின்னவனுக்குக் காய்ச்சல். கஞ்சி வரும், கஞ்சி வரும்னு சொல்லி உக்கார வச்சிருந்தேன். ஏழு மணி வரைக்கும் வாசல்லயே இருந்தான்."

அம்மா குப்புறப் படுத்திருந்ததால் முகம் தெரியவில்லை. "வீடு நெறைய இருந்துது. ஆளு அஞ்சாறு பேருதான் இருந்தோம்" என்றாள்.

"தெரியும்."

"நான் என்ன செய்யட்டும்?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. நான் பஞ்சு வைக்கணும், ஆடாம படுங்க."

அம்மா ஆடாமல் படுத்திருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிச் சத்தம் வரும்படி போட்டுவிட்டு உள்ளே போனேன்.

போன மாதம் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அம்மாவைப் பற்றி மறுபடி ஒரு சாட்சி சொல்லுங்கள் சிஸ்டர், சபைக்கு ஆசீர்வாதமாக இருக்கும் என்றார். இன்னும் முடிக்கவில்லை பாஸ்டர், முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். அவருக்கு எதுவும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இதை எழுதப்போவதாக அந்தக் கடைசி வரிசை ஆன்ட்டியிடம் மட்டும் முன்பே சொன்னேன். சபை அல்லாத இடத்தில் எழுதுவதில் ஆட்சேபம் இல்லை, பெயர் போடாதே என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னை நல்லவள் மாதிரியும் எழுதிவிடாதே என்றார்.

இப்போது நிலைமை இது. அம்மா உயிரோடு இருக்கிறாள். இடது பக்கம் திரும்பவில்லை. முதுகுப் புண் பாதி ஆறியிருக்கிறது. அவர் திங்கள் முதல் வியாழன் வரை வருகிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் இன்னும் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மேலாளரிடம் மறுபடி கெஞ்சி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். எத்தனை நாள் விடுவார்கள் என்று தெரியாது. வீட்டுச் சாவி ஒன்று இஸ்திரி அக்காவிடம் இருக்கிறது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கரில் ஜெபிக்கிறான். பெண்கள் ஐக்கியத்திலிருந்து யாரும் வருவதில்லை. ராஜினாமா மெயில் இன்னும் டிராஃப்டில் இருக்கிறது. காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே ஒரு வரியைக் கேட்கிறேன். பெரும்பாலான நாட்களில் வருகிறது.